கறுப்பெலிக்குப் பிழிந்த முறுக்கு

கொழுப்பு உருகி முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. ஸுஹறா கையை ஒருமுறை உதறிவிட்டுத் திரும்பவும் பெரிய அலுமினியப் பேசினுக்குள் விட்டுப் பிசைந்தாள். மா, பால்மா, சீனி, மருந்துக்கடை மணக்கும் ஏதோ ஒரு தூள், எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளைக் கட்டியாகக் கிடந்த கொழுப்பு சித்திரை வெக்கைக்குத் தானாகவே இளகிக்கொண்டிருந்தது. தீனிக் கொட்டிலுக்குக் கூரை அஸ்பெஸ்டஸ் சீற். காற்றாடி ஒன்று இருந்தது. சுழன்றால் மா பறக்கும் என்று அதையும் போடவிடுவதில்லை.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் எலிவீடு. வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கதவு, இரண்டு ஏசி. கரண்ட் நின்றால் கண்மூடித் திறக்கமுன் ஜெனரேட்டர் உறுமும். உள்ளே போகிறவர்கள் கையுறை, வாய்மூடி, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். தீனி பிசைகிற ஆட்களுக்குக் கையுறை கிடையாது. கேட்டபோது, அது எலியைத் தொடுகிறவர்களுக்கு வந்த சாமான் என்று பதில் வந்தது.

"எலிக்கு வேர்த்தா வெள்ளைக்காரனுக்குப் பதில் சொல்லவேணும். எனக்கு வேர்த்தா ஆருக்கென்ன," என்றாள் ஸுஹறா.

"நீர் எழும்பும் பிள்ளை. நான் பிசையிறன்," என்றாள் இந்திராதேவி.

"நீங்கள் வெட்டுறதைப் பாருங்கோ இந்திராக்கா. இதுக்குள்ள கையக் கொண்டுவராதேங்கோ."

"ஏன், எனக்குக் கையில்லையே? நேற்றும் நீர்தானே பிசைஞ்சனீர்."

இந்தச் சண்டை ஒவ்வொரு நாளும் நடந்தது. உலகத்தில் கூலிவேலை செய்கிறவர்கள் கஷ்டமான பங்கை மற்றவர் தலையில் கட்டத்தான் பார்ப்பார்கள். இங்கே இரண்டு பொம்பிளைகள் கொழுப்புப் பேசினுக்காகப் பிடுங்குப்பட்டார்கள். இந்திராதேவி பெருநிலப் பக்கத்து வயற்கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள், ஐம்பது தாண்டியவள், வெள்ளிக்கிழமை விரதக்காரி. அவள் ஏன் இப்படிக் கொழுப்புக்கு அந்தரப்படுகிறாள் என்று ஸுஹறாவுக்கு விளங்கவேயில்லை. தான் ஏன் அவளை விடாமல் தடுக்கிறாள் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பு. றெனால்ட் அப்படித்தான் சொல்லியிருந்தான். றெனால்ட் வெள்ளைக்காரர் காசில் நடக்கிற அந்த எலி ஆராய்ச்சி நிலையத்தின் மேற்பார்வையாளன், மோட்டார் சைக்கிளில் வாளி கட்டிக் கொழுப்புக் கொண்டுவருகிறவன், தேன் தடவின வாய்க்காரன். வேலைக்குச் சேர்ந்த கிழமையே ஸுஹறா அவனை நிறுத்திக் கேட்டுவிட்டாள்.

"தம்பி, இது என்ன கொழுப்பு?"

"மாடு அக்கா. உங்கட ஆக்களின்ர கடையிலதான் வாங்கிறது. பயப்பிடாதேங்கோ."

"உண்மையாவோ?"

"மாதாவாண. ஆனா இந்திராக்காட்டச் சொல்லிப்போடாதேங்கோ. அவ சைவம். மாடெண்டு தெரிஞ்சா வேலைய விட்டிட்டுப் போயிருவா. பாவம், வெள்ளாமையும் பிழைச்சுப்போச்சு அவைக்கு."

அன்றிலிருந்து ஸுஹறா வாயைத் திறக்கவில்லை. பாவம் மனிசி, கோயில் குளம் என்று திரிகிறவள், மாட்டுக் கொழுப்பில் கைவைத்தேன் என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். தெரியாமல் இருக்கட்டும், முடிந்தமட்டும் அவள் கை படாமலும் இருக்கட்டும் என்று பிசைகிற வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஊரில் ஒருத்தருக்கும் இவ்வளவு பார்த்தவள் அல்ல ஸுஹறா. அவளுக்கு மனிதர்களில் பெரிய மரியாதை கிடையாது. இந்திராதேவி தன் சோற்றுப் பார்சலில் பாதியைக் கேளாமலே எடுத்து வைப்பாள் என்ற ஒரே காரணத்துக்காக அவள்மேல் மட்டும் ஒரு பட்சம்.

இனி அந்த எலிகளின் கதை. கறுப்பெலி ஒரு கூட்டம், வெள்ளெலி ஒரு கூட்டம். இரண்டும் பரம்பரை சுத்தமாக வளர்த்தெடுத்த சாதியாம், விமானத்தில் வந்தவையாம். ஒவ்வொரு கூட்டத்திலும் பாதிக்குச் சாதாரணத் தீனி, பாதிக்கு இந்தக் கொழுப்புத் தீனி. கிழமைக்கொருக்கால் வால் நுனியில் குத்தி இரத்தம் எடுத்துச் சீனி பார்ப்பார்கள். கொழுப்புத் தின்ற கறுப்பெலிகள் பலூன் மாதிரி ஊதி, நடக்கமாட்டாமல் மூலைக்குள் கிடந்தன. அதே கொழுப்பைத் தின்ற வெள்ளெலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழையபடி ஓடித்திரிந்தன. இதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு கட்டடமும் ஏசியும். வருத்தத்தைக் காசு கொடுத்து உண்டாக்கிவிட்டு, பிறகு அதைக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற தொழில் என்று ஸுஹறா புருஷனுக்குச் சொன்னாள். அவளுக்கு எலி என்றால் மாமூட்டையைக் கடிக்கிற சனியன், அவ்வளவுதான். எலிக்குச் சாதி பார்க்கிறவர்களை அவள் அப்போதுதான் கண்டாள்.

பணிப்பாளர் கலாநிதி யோகராசா அப்படிப் பார்க்கிறவர். நெட்டையான ஆள், சட்டைப் பையில் மூன்று பேனை, ஒன்றிலாவது எழுதி ஒருவரும் கண்டதில்லை. எதைக் கேட்டாலும் "இனம்" என்பார். எலிவீட்டுப் பக்கம் அலரி பூக்கவில்லை என்றால் அந்த அலரியின் இனம் சரியில்லை. சாரதி பிந்தி வந்தால் அவன் ஊர்க்காரரின் இனம் அப்படி. கொழும்பிலிருந்து யாராவது வந்தால் மட்டும் அவருடைய முதுகு தன்பாட்டில் வளையும். அந்த முதுகு எந்த இனமோ தெரியாது.

தீனி முதலில் வெளிநாட்டிலிருந்து பெட்டியில்தான் வந்தது. பிறகு இறக்குமதி நின்றது, விலை ஏறியது, இங்கேயே செய்யலாம் என்று கலாநிதி முடிவெடுத்தார். தீனியைக் குச்சியாய்ப் பிழிகிற இயந்திரம் ஒன்று வந்து ஒரு மாதத்தில் பல்லை இளித்தது. உதிரிப்பாகம் கொழும்பிலும் இல்லை. மாவை உருண்டையாகப் போட்டால் எலி காலால் மிதித்துப் பழுதாக்கியது. றெனால்ட் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது ஸுஹறாதான் சொன்னாள்.

"முறுக்கு உரலில பிழிஞ்சா என்ன?"

அப்படித்தான் அவளுடைய உரல் நிலையத்துக்கு வந்தது. நல்ல கனமான பித்தளை உரல். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் அப்பம் சுட்டு விற்ற காசில் வாங்கியது. மேல்கட்டையில் ஒரு பக்கம் பித்தளைப் பிடி, மற்றப் பக்கப் பிடி உடைந்துபோய் அவள் புருஷன் மஹ்மூது வள்ளத்து எஞ்சினின் போல்ட் ஒன்றைப் பொருத்தியிருந்தான். அந்தப் போல்ட்டை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. கலியாணம், கத்னா, கந்தூரி எதுவென்றாலும் முறுக்குக்கும் வட்டிலப்பத்துக்கும் ஸுஹறாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் நாக்குக்குப் பயந்தவர்கள்கூட அவள் கைக்கு மயங்கினார்கள். எலிவேலை இன்றைக்கு இருக்கும் நாளைக்குப் போகும், அந்தக் கைப்பேர் இருக்கும்வரைக்கும் அடுப்பெரியும் என்று அவள் நம்பியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நிலையத்தில் ஐந்து நாள் எலிக்கு. வெள்ளி பின்னேரம் உரலைச் சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சாறித் தலைப்பில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவாள். சனி ஞாயிறில் ஊருக்குப் பிழிவாள். மாடுதானே, ஹலால்தானே. கழுவினால் போகாத எண்ணெய் உண்டா? ஊர்ப்பிள்ளை றிம்ஷாவின் மூத்த ராத்தாவுடைய நிக்காஹ்வுக்கு மூன்று பெரிய தகரம் நிறையப் பிழிந்து கொடுத்ததும் அந்த உரலில்தான்.

அந்த றிம்ஷா ஒரு புதன்கிழமை நிலையத்துக்கு வந்தாள். அவள் மட்டுமல்ல, ஸுஹறாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது பேர், விஞ்ஞான ரீச்சரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வெள்ளைப் பர்தாவும் சப்பாத்துமாக வரிசையாய் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எலி பார்த்தார்கள். கலாநிதி ஒலிவாங்கி பிடித்துப் பேசினார்.

"இந்தக் கறுப்பையும் இந்த வெள்ளையையும் வடிவாப் பாருங்கோ. ஒரே சாப்பாடு. ஒண்டுக்கு நீரிழிவு, மற்றதுக்கு ஒண்டும் இல்லை. ஏன்? எல்லாம் இனத்தில இருக்கு பிள்ளையள். சாப்பாடு ஒரு சாட்டு."

சாதாரணத் தீனி தின்ற கறுப்பெலிகள் பக்கத்துக் கூட்டில் மெலிந்து சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. அதை அவர் காட்டவில்லை. பிறகு பிள்ளைகளைத் தீனிக் கொட்டிலுக்குக் கூட்டிவந்தார். ஸுஹறா முழங்கை வரைக்கும் மாவோடு நின்றாள். ஊர்ப் பிள்ளைகளைக் கண்டதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கொஞ்சம் நிமிர்ந்து நின்று உரலை அழுத்தினாள். நட்சத்திரத் துளைத் தட்டிலிருந்து சாம்பல் நிறத் தீனி இழை இழையாய் இறங்கியது.

"இது நாங்கள் இங்கேயே வடிவமைச்ச இயந்திரம்," என்றார் கலாநிதி. "வெளிநாட்டு மெசினுக்கு லட்சக்கணக்கில வேணும். நான் யோசிச்சு, உள்ளூர்ப் பொருளில ஒண்டைச் செய்விச்சனான். இதைப் பற்றி ஒரு மகாநாட்டிலயும் பேசப்போறன்."

ஸுஹறாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். றிம்ஷா அடக்கவில்லை.

"சேர், இது ஸுஹறா மாமிட முறுக்கு உரல்! இந்தா போல்ட்! எங்கட ராத்தாட கலியாணத்துக்கு இதிலதான் முறுக்குப் பிழிஞ்சவ!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ரீச்சரும் முக்காட்டுக்குள் சிரித்தாள். கலாநிதியின் காது சிவந்தது. பெரிய மனிதர்களுக்குச் சிறு பிள்ளைகளின் சிரிப்பைப் பொறுக்கிற இதயம் இருப்பதில்லை, இவர் ஒலிவாங்கியைத் திரும்ப வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"முறுக்கில்லைத் தங்கச்சி. இதுக்குள்ள போறதில பெரும்பங்கு பண்டிக் கொழுப்பு. தின்னப் போறீரோ?"

பன்றிக் கொழுப்பு என்பதை ஒலிபெருக்கி கொட்டில் முழுக்கச் சொன்னது. சிரிப்பு நின்றது. றிம்ஷா உரலைப் பார்த்தாள், ஸுஹறாவின் கையைப் பார்த்தாள், பிறகு தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு பிள்ளை ஓங்காளித்தது. ரீச்சர் பிள்ளைகளைப் பஸ்ஸுக்குத் திருப்பினாள். கலாநிதி, "விஞ்ஞானத்துக்குச் சமயம் இல்லை," என்று முதுகுகளுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே போனார்.

ஸுஹறா கையை எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்திராதேவியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கத்தியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் துக்கம் இருந்தது, அதிர்ச்சி இல்லை.

"இந்திராக்கா. உங்களுக்கு இது தெரியுமோ?"

இந்திராதேவி ஓம் என்று தலையாட்டினாள். "பண்டியெண்டு றெனால்ட் சொன்னவன். சேர்ந்த அண்டைக்கே. 'ஸுஹறாக்காவுக்குச் சொல்லாதேங்கோ, தெரிஞ்சா வேலைய விட்டிருவா, பாவம்' எண்டவன். நான் என்ன செய்ய? உம்மட கை படக்கூடாது எண்டுதானே ஒவ்வொரு நாளும் பேசினைப் பறிச்சனான். நீர் விட்டாத்தானே. உரலையும் வெள்ளிக்கு வெள்ளி சுடுதண்ணியில கழுவிறீர்தானே எண்டு மனசைத் தேத்திக்கொண்டனான்."

"எனக்கு மாடெண்டு சொன்னவன்," என்றாள் ஸுஹறா. "உங்களுக்குச் சொல்லவேண்டாம், சைவம், பாவம் எண்டு. உங்கட கை படக்கூடாதெண்டுதான் நான் விடேல்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஸுஹறாவுக்கு வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. நல்ல சிரிப்பல்ல அது. ஒரு வருஷமாய் ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றுகிறோம் என்று இரண்டு விசரிகள் கொழுப்புப் பேசினுக்கு அடிபட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒருத்தன் ஒவ்வொரு நாளும் கறுவாத் தேத்தண்ணி குடித்திருக்கிறான்.

றெனால்ட் பஸ்ஸை அனுப்பிவிட்டு வந்தான். ஸுஹறா மாவுக் கையோடு வழிமறித்தாள்.

"மாடோ பண்டியோ? சொல்லு. மாதாவாண எண்டனீ."

"அக்கா, சத்தம் போடாதேங்கோ..."

"சொல்லடா!"

"அக்கா, சேர் சொன்னது பண்டிதான். ஆனா எந்த நாளும் பண்டிக் கொழுப்புக்கு நான் எங்க போறது? சில கிழமை கிடைக்கும், சில கிழமை கிடையாது. கிடையாத நேரம் மாட்டிறைச்சிக் கடையில சும்மா கழிச்சு விடுறதை எடுத்தனான். கிடைச்சதைக் கொண்டுவந்தனான். எலிக்குத்தானே."

ஆக அவன் இரண்டு பேருக்கும் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. இந்திராதேவி மாட்டிலும் கைவைத்தாள், ஸுஹறா பன்றியிலும் கைவைத்தாள். இந்திராதேவி கத்தியைப் பலகையில் போட்டுவிட்டுக் கொட்டிலின் மூலைக் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

சத்தம் கேட்டுக் கலாநிதி வந்தார். "என்ன நடக்குது இங்க? என்ன மாடு?"

அவருடைய முகம் முதல்முறையாக உண்மையாகவே வெளிறியது. ஸுஹறா அதைக் கவனித்தாள். முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒருத்தியின் சீவியத்தில் மண்ணள்ளிப் போட்டபோது வெளிறாத முகம் இப்போது வெளிறியது.

"எந்தக் கிழமை மாடு? எந்தக் கிழமை பண்டி?" என்று அவர் கத்தினார். "ஒரு வருசப் பரிசோதனை! என்ர எலிகள்! எந்தக் கொழுப்பெண்டே தெரியாமல் எந்த இனத்தைப் பற்றி நான் என்னத்தை எழுதிறது? ஆர் இதைச் செய்தது?"

றெனால்டின் தேன்வாய் ஒரு கணம் உலர்ந்தது. பிறகு வழிந்தது. "சேர், நான் பண்டிதான் கொண்டுவந்தனான். இவதான்... இவைக்குப் பண்டி ஆகாதுதானே. மறைவில மாத்திப்போட்டா போல."

"பொய்!" என்றாள் இந்திராதேவி குழாயடியிலிருந்து. "சேர், இப்ப இந்த இடத்தில நிண்டு தன்ர வாயால சொன்னவன், கிடைச்சதைக் கொண்டுவந்தனான் எண்டு. நான் கேட்டனான்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ, இந்திராதேவி. உங்களுக்கு வேலை இருக்கு," என்றார் கலாநிதி. அவர் குரல் தணிந்துவிட்டது. அவருக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது. தான் வைத்த மேற்பார்வையாளன் கள்ளன் என்று வெளிநாட்டுக்கு எழுதினால் அது பணிப்பாளரின் பிழை. வேலைக்காரியின் மார்க்கம் குறுக்கே வந்தது என்று எழுதினால் அது ஒருவருடைய பிழையும் அல்ல, வெள்ளைக்காரனும் தலையாட்டுவான். அவர் ஸுஹறாவை ஏறக்குறைய அன்பாகவே பார்த்தார்.

"பாருங்கோ, நான் உங்களைக் குற்றம் சொல்லேல்லை. அது உங்கட ஆக்களின்ர இரத்தத்தில ஊறினது. மாத்தேலாது. ஆனா உங்களை வைச்சு இனி விஞ்ஞானம் செய்யேலாது."

ஸுஹறா கையிலிருந்த மாவை வழித்துப் பேசினுக்குள் எறிந்தாள். "அப்ப நான் எந்தக் கூடு சேர்? கறுப்போ, வெள்ளையோ? குத்திப் பாத்திட்டுச் சொல்லுங்கோவன், வாலைத் தேடுறதுதான் கஷ்டம்." காறித் துப்பவேண்டும் போலிருந்தது. துப்புவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். போன வேகத்தில் உரலை எடுக்க மறந்துபோனாள்.

பஸ் அவளுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னமே செய்தி கடற்கரை வாடி வரைக்கும் போய்விட்டது. அவள் வந்தபோது கிணற்றடிகளில் பொம்பிளைகள் தட்டு, சட்டி, தகரம் எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு மண்ணால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் அவளைப் பார்த்து ஏசவில்லை. ஏசினால் திருப்பி ஏசியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தார்கள்.

மஹ்மூது பள்ளிக்குப் போய் மௌலவியைக் கேட்டு வந்தான். "ஏழுதரம் கழுவ வேணும், அதில ஒருதரம் மண்போட்டு. பிறகு சுத்தம். தெரியாமச் செஞ்சதுக்குக் குத்தமில்லை எண்டு சொன்னார். எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னார்."

"அது அல்லாஹ்ட தீர்ப்பு," என்றாள் ஸுஹறா. "அதில எனக்குப் பயமில்லை."

அவள் கிணற்றடியில் குந்தி முழங்கைவரை மண்பூசித் தேய்த்தாள். மஹ்மூது வாளி வாளியாய் ஊற்றினான். தோல் சிவந்து எரிந்தது. வீட்டுச் சட்டிபானை எல்லாவற்றையும் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். உரல் மட்டும் இல்லை. அது அங்கே கிடக்கிறது என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் மதில்மேல் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. போன கிழமை அவள் பிழிந்து கொடுத்த முறுக்கு, பாதி தின்றது. வைத்தவர்கள் கூப்பிடாமல் போய்விட்டார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு தகரம். ஹஜ்ஜுப் பெருநாளோடு வருகிற கலியாணம் ஒன்றுக்கு முந்நூறு பேருக்குச் சொல்லியிருந்தார்கள், அந்த வீட்டு மனிசி வாசலில் நின்றே பேசினாள்.

"மகள்ட மாப்பிள்ளைப் பக்கம் கொஞ்சம் யோசிக்கினம் ஸுஹறா. எனக்கு ஒண்டுமில்லை. நான் உங்கட கையால எப்பவும் தின்னுவன்."

"அப்ப உள்ள வாங்கோ. சுடச்சுட வட்டிலப்பம் இருக்கு."

மனிசி வெயிலைப் பார்த்தாள், குடையை விரித்தாள், பிறகு வாறன் என்று போனாள். ஸுஹறா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோழைகள் என்று நினைத்தாள். ஒருத்தனுக்கு விஞ்ஞானம், ஒருத்திக்கு மாப்பிள்ளைப் பக்கம், எல்லாருக்கும் ஒளிந்துகொள்ள ஒரு முந்தானை. அந்த வட்டிலப்பத்தை அவளும் மஹ்மூதும் இரண்டு நாளாய்த் தின்று முடித்தார்கள்.

உரலைக் கொண்டுவரவேண்டும், ஊர் பார்க்க முற்றத்தில் வைத்து ஏழுதரம் கழுவவேண்டும், பிறகு அதே முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பிழிந்து முதல் முறுக்கைத் தானே தின்னவேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். வெட்கம் கெட்டவள் என்று சொல்லட்டும். இரண்டு பேர் வந்து தின்றால் போதும், மிச்சப்பேர் மணத்துக்கு வருவார்கள். தன் கையில் அவளுக்கு அந்தளவு நம்பிக்கை இன்னும் இருந்தது. திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறினாள்.

வாசலில் காவலாளி மறித்தான். முகம் தெரிந்தவன்தான், ஆனாலும் தெரியாத மாதிரிப் பேசினான். "உரல் முன் மண்டபத்தில இருக்கு. சேரிட்டக் கேக்கவேணும். அக்கா, உள்ள போறதெண்டா கையக் கழுவிப்போட்டுப் போங்கோ. இப்ப அப்பிடித்தான் சட்டம்."

அவன் நீட்டிய போத்தலிலிருந்து ஏதோ குளிர்ந்த தண்ணி அவள் உள்ளங்கையில் விழுந்தது. மண்போட்டுத் தேய்த்த தோலில் அது நெருப்பாய் எரிந்தது. கையைச் சாறியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முன் மண்டபத்தில் இந்திராதேவி நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸுஹறாவைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் கையில் கையுறை இருந்தது. வெட்கப்பட்டு அதைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் பிடித்தாள்.

"எல்லாருக்கும் தந்தவை, புதுப் பெட்டி," என்றாள். "எலியள் முழுக்கச் சாக்காட்டி முடிச்சாச்சுப் பிள்ளை. புது எலி வருதாம். தீனியும் வெளியிலயிருந்து பெட்டியில வருதாம். றெனால்டுக்குத்தான் அதுக்கும் பொறுப்பு. நானும் விட்டிட்டு வந்திருக்கவேணும்..."

"விடாதேங்கோ. சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ. போகம் கையில வரட்டும், பிறகு பாக்கலாம். என்ர உரல் எங்க?"

இந்திராதேவி கையைக் காட்டினாள். வாசலுக்கு நேரே, வெளிநாட்டுக்காரர் தந்த கேடயங்களுக்கும் கலாநிதி யாரோடோ கைகுலுக்குகிற படத்துக்கும் நடுவில், ஒரு கண்ணாடி அலுமாரி. மேல் தட்டில் சிவப்பு வெல்வெட் விரித்து உரலை வைத்திருந்தார்கள். மேல்கட்டை தனியாக, எஞ்சின் போல்ட் முன்பக்கம் தெரியும்படி. கீழே ஒரு அட்டை: "உள்ளூர் வளங்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட தீனி இயந்திரம். வடிவமைப்பு: கலாநிதி யோகராசா."

ஸுஹறா அலுமாரிக் கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது.

"சாவி அவரிட்ட. அவர் கொழும்பில, மகாநாட்டுக்கு," என்றாள் இந்திராதேவி. குரல் தணிந்தது. "வைக்கமுன் கழுவித் தாறன் எண்டு நான் கேட்டனான் பிள்ளை. சத்தியமாக் கேட்டனான். 'வேண்டாம், வேலை செய்த மாதிரியே இருக்கட்டும், பாக்க வாறவைக்கு அதுதான் இயற்கை' எண்டு சொல்லிப்போட்டார்."

ஸுஹறா கண்ணாடிக்குக் கிட்டப் போனாள். நட்சத்திரத் தட்டின் ஒவ்வொரு துளையிலும் அன்றைக்கு அவள் பாதியில் விட்ட தீனி இழை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கொழுப்பு உருகி வெல்வெட்டில் ஒரு கறையாய் ஊறியிருந்தது. கதவு இடுக்கால் நுழைந்த சிற்றெறும்புகள் அட்டையில் இருந்த பெயரின்மேல் ஊர்ந்து போய், உரலுக்குள் இறங்கி, ஆளுக்கொரு துகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தன.